பழுதா, இயல்பா? கார் எஞ்சினின் ஒலியும் நம் ஒலிப் பாடமும்

ஒலிப் பாடம் நடத்தும்போது நாம் இசைக்கவையைக் காட்டுகிறோம். வீணை, புல்லாங்குழல், பள்ளி மணி என்று எடுத்துக்காட்டுகளைச் சொல்கிறோம். மாணவர்களின் காதில் நாள் முழுவதும் விழுவதோ வாகன ஒலி. அதைப் பற்றி அவர்களிடம் கேள்விகளும் உண்டு. எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சார், இது பெட்ரோல் வண்டிதானே? அப்புறம் ஏன் டீசல் வண்டி மாதிரி டகடகன்னு சத்தம் போடுது?"

நல்ல கேள்வி. அவன் கேட்டது பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் செலுத்தும் புதுவகை எஞ்சினைப் பற்றி. இதற்கு விடை சொல்லப் புறப்பட்டால் அழுத்தம், காலம், மின்காந்தம், அதிர்வெண், திண்மப் பொருளில் ஒலி பரவுதல், வெப்ப விரிவு என்று எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான இயற்பியலில் பெரும்பகுதி வரிசையாக வந்து நிற்கிறது.

இக்கேள்விக்கு வகுப்பறைக்கு வெளியேயும் பயன் உண்டு. புதிய கார் வாங்கியவர்களில் சிலர் இந்த ஒலியைக் கேட்டுப் பயந்து, தேவையில்லாமல் பாகங்களை மாற்றச் சொல்கிறார்கள். வேறு சிலர் "இந்த வண்டி இப்படித்தான்" என்று பழகிப்போய், உண்மையான பழுதின் ஒலியையும் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள். இருவருக்கும் குறை ஒன்றே. நலமாக இருக்கும் எஞ்சின் எப்படி ஒலிக்கும், ஏன் அப்படி ஒலிக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. நலமான இதயங்கள் பலவற்றின் துடிப்பைக் கேட்டுப் பழகிய பிறகே மருத்துவரால் நோயுள்ள இதயத்தின் ஒலியைப் பிரித்தறிய முடிகிறது. எஞ்சினுக்கும் அதே முறைதான்.

பாடத்தோடு தொடர்பு

எட்டாம் வகுப்பில் ஒலியியல், விசையும் அழுத்தமும். ஒன்பதாம் வகுப்பில் ஒலி, காந்தவியல் மற்றும் மின்காந்தவியல். பத்தாம் வகுப்பில் ஒலியியல் ஆகிய பாடங்களோடு இக்கட்டுரையை இணைத்துக்கொள்ளலாம். மேல்நிலையில் தொழிற்கல்விப் பிரிவு மாணவர்களுக்கு இது நேரடியாகவே பயன்படும். தொடக்க வகுப்புகளுக்கான ஒரு கேட்டல் விளையாட்டும் செயல்பாடுகள் பகுதியில் உள்ளது.

பெட்ரோல் எங்கே கலக்கிறது?

பழைய கார்களில் கார்புரேட்டர் இருந்தது. உள்ளே இழுக்கப்படும் காற்று, போகிற வழியிலேயே பெட்ரோலையும் உறிஞ்சிக்கொண்டு சிலிண்டருக்குள் போகும். அடுத்து வந்தது எம்பிஎஃப்ஐ. இதில் ஒவ்வொரு சிலிண்டரின் நுழைவுக் குழாயிலும் ஓர் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும். தெளிப்பது வாசலுக்கு வெளியே என்பதால் 3 அல்லது 4 பார் அழுத்தம் போதும்.

நேரடிச் செலுத்தும் முறையில் இன்ஜெக்டர் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. அதன் முனை எரியறைக்குள்ளேயே இருக்கிறது. காற்று மட்டும் வால்வு வழியாக வரும். பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படும். உள்ளே தெளிக்கப்பட்ட பெட்ரோல் ஆவியாகும்போது அங்குள்ள காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே ஆவியாதலால்தான். காற்று குளிர்ந்திருப்பதால் அதை இன்னும் கூடுதலாக அழுத்த முடிகிறது. அதனால் அதே அளவு பெட்ரோலிலிருந்து கூடுதல் வேலை கிடைக்கிறது.

இந்த எண்ணம் புதியதன்று. 1954-இல் வெளிவந்த மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்எல் காரில் இயந்திரவியல் முறையிலான நேரடிச் செலுத்துதல் இருந்தது. மின்னணுக் கட்டுப்பாட்டுடன் பெருமளவில் தயாரான முதல் எஞ்சினை ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் 1996-இல் கேலன்ட் காரில் கொண்டுவந்தது. இந்தியச் சாலைகளில் 2013-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2019-இல் வந்த ஹூண்டாய் வென்யூவின் 1.0 லிட்டர் டர்போ ஜிடிஐ வகை போன்றவை இம்முறையில் இயங்குபவை. வென்யூ தயாரானது ஸ்ரீபெரும்புதூர் அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டை ஆலையில். ஜிடிஐ, டிஎஸ்ஐ போன்ற எழுத்துகள் வண்டியின் பின்புறத்தில் இருந்தால் மாணவர்களே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

முதல் கணக்கு: எவ்வளவு நேரம் இருக்கிறது?

கரும்பலகையில் இதை மாணவர்களே போடட்டும்.

எஞ்சின் நிமிடத்திற்கு 6000 சுற்றுகள் சுற்றுகிறது. விநாடிக்கு 100 சுற்றுகள். ஒரு சுற்றுக்கு 10 மில்லி விநாடி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு முழுச் செயல்சுற்றுக்கு இரண்டு சுற்றுகள் தேவை. அதாவது 20 மில்லி விநாடி. இதில் ஒரு ஸ்ட்ரோக்கின் பங்கு 5 மில்லி விநாடி.

எம்பிஎஃப்ஐ எஞ்சினில் வால்வு மூடியிருக்கும்போதும் வெளியே பெட்ரோலைத் தெளித்து வைக்கலாம். ஆகவே, அதற்கு ஏறத்தாழ அந்த 20 மில்லி விநாடியும் கிடைக்கிறது. நேரடிச் செலுத்தும் எஞ்சினிலோ காற்று உள்ளே வரும் ஸ்ட்ரோக்கிலும் அதை ஒட்டிய சிறிது நேரத்திலும் வேலையை முடித்தாக வேண்டும். கிடைப்பது ஏறத்தாழ 5 மில்லி விநாடிதான். அதற்குள் பெட்ரோல் நுண்துளிகளாகச் சிதறி, ஆவியாகி, காற்றோடு கலக்கவும் வேண்டும்.

குறைந்த நேரத்தில், மிக நுண்ணிய துளை வழியாக, அதே அளவு நீர்மத்தை வெளியேற்ற என்ன செய்ய வேண்டும்? "அழுத்தத்தைக் கூட்டணும்" என்று வகுப்பிலிருந்தே விடை வந்துவிடும்.

இரண்டாம் கணக்கு: எவ்வளவு அழுத்தம்?

இத்தகைய எஞ்சின்களில் எரிபொருளின் அழுத்தம் பொதுவாக 150 முதல் 200 பார் வரை செல்கிறது. புதியவற்றில் 350 பார் வரையும் உண்டு. எண்ணாகச் சொன்னால் மாணவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது. ஒப்பிட்டுக் காட்டுவோம்.

கார் டயரில் நாம் நிரப்பும் காற்று சுமார் 2 பார். 1 பார் என்பது 1,00,000 பாஸ்கல். ஆகவே 200 பார் என்பது 2 கோடி பாஸ்கல். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் அது தரும் விசை 2000 நியூட்டன். ஏறத்தாழ 200 கிலோகிராம் எடை. சுண்டுவிரல் நகம் அளவுள்ள இடத்தின் மேல் 50 கிலோ அரிசி மூட்டைகள் நான்கை அடுக்கியதற்குச் சமம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் சுமார் 1 பார் கூடும் என்று எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ 2 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம் இது.

தட்டல் எங்கிருந்து வருகிறது?

இவ்வளவு அழுத்தத்தை உண்டாக்குவது எஞ்சினின் தலைப்பகுதியில் பொருத்தப்பட்ட உயர் அழுத்த பம்பு. கேம் ஷாஃப்டில் உள்ள மேடுகள் சுழலும்போது அதன் உள்ளே இருக்கும் சிறு உலக்கை போன்ற தண்டை மேலே தள்ளுகின்றன. ஒவ்வொரு தள்ளலின் போதும் ஒரு மின்காந்த வால்வு சரியான நேரத்தில் மூடிக்கொள்கிறது. மூடிய கணத்திலிருந்து பெட்ரோல் அழுத்தப்படுகிறது. அந்த வால்வு மூடும்போது உலோகத்தோடு உலோகம் மோதி ஒரு 'டிக்' எழுகிறது. தண்டின் இயக்கத்திலிருந்து மந்தமான ஒரு தட்டலும் சேர்கிறது.

பம்பிலிருந்து வரும் பெட்ரோல் ஒரு பொதுக் குழாயில் சேர்ந்து இன்ஜெக்டர்களுக்குப் போகிறது. பெரும்பாலான இன்ஜெக்டர்களில் இருப்பதும் மின்காந்தம்தான். 200 பார் அழுத்தத்தை எதிர்த்து உள்ளிருக்கும் ஊசியை இழுத்துத் திறக்க 12 வோல்ட் பேட்டரி மின்னழுத்தம் போதாது. அதனால் மின்னணுச் சுற்று அதைச் சுமார் 65 வோல்ட்டாக உயர்த்தி ஒரு கணம் கொடுக்கிறது. ஊசி துள்ளித் திறக்கிறது, உடனே மூடுகிறது. வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது இந்தத் திறப்பு ஒரு மில்லி விநாடிக்கும் குறைவாக இருக்கலாம். திறக்கும்போதும் மூடும்போதும் ஊசி அதன் எல்லையில் மோதுகிறது. அதுவும் 'டிக்' ஒலிதான்.

எம்பிஎஃப்ஐ இன்ஜெக்டரும் இப்படித் தட்டத்தான் செய்கிறது. ஆனால் அதன் விசை குறைவு. அது ரப்பர் வளையத்தின் மேல், நுழைவுக் குழாயில் உட்கார்ந்திருக்கிறது. நேரடி இன்ஜெக்டர் எஞ்சினின் அலுமினியத் தலைப்பகுதிக்குள் இறுக்கமாகப் பொருந்தியிருக்கிறது. காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். அலுமினியத்தில் 6000 மீட்டருக்கும் மேல் செல்லும். திண்மப் பொருளில் அதிர்வு இவ்வளவு எளிதாகப் பரவுவதால், சிறிய ஊசியின் தட்டலுக்கு எஞ்சினின் பெரிய உலோகப் பரப்பே ஒலிபரப்பியாகிவிடுகிறது. இசைக்கவையை அடித்து மேசைமேல் வைத்ததும் ஒலி பெருகுவதை நாம் செய்து காட்டுகிறோமே, அதேதான்.

டீசல் எஞ்சினிலும் எரிபொருள் நேராகத்தான் சிலிண்டருக்குள் போகிறது. ஆகவே, "டீசல் மாதிரி சத்தம்" என்று அந்த மாணவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் டீசலின் பெரிய தட்டலுக்குக் காரணம், அழுத்தத்தாலேயே எரிபொருள் சட்டெனப் பற்றி எரிவது. பெட்ரோல் எஞ்சினில் பற்றவைப்பது ஸ்பார்க் பிளக். இங்கே நாம் கேட்பது எரியும் ஒலியைவிட வால்வும் ஊசியும் தட்டும் ஒலியையே.

மூன்றாம் கணக்கு: விநாடிக்கு எத்தனை தட்டல்?

மூன்று சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்திற்கு 800 சுற்றுகளில் நிதானமாக ஓடுகிறது என்போம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை பெட்ரோல். ஆகவே ஒரு சிலிண்டருக்கு நிமிடத்தில் 400 முறை. மூன்றுக்கும் சேர்த்து 1200 முறை. விநாடிக்கு 20.

பம்பை இயக்கும் கேம் ஷாஃப்ட் எஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றும், நிமிடத்திற்கு 400. அதில் மூன்று மேடுகள் இருந்தால் பம்பின் தட்டலும் விநாடிக்கு 20. நான்கு மேடுகள் இருந்தால் ஏறத்தாழ 27. தையல் இயந்திரம் ஓடும் ஒலியோடு இதைப் பலரும் ஒப்பிடுவதன் காரணம் இந்தச் சீரான, விரைவான தாளம்தான்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். "அப்படியானால் ஒலியின் அதிர்வெண் 20 ஹெர்ட்ஸ்" என்று மாணவர் எழுதிவிடுவர். 20 ஹெர்ட்ஸ் நம் செவியுணர் எல்லையின் விளிம்பு. அது காதில் விழுவதே அரிது. இந்த ஒலியோ தெளிவாகக் கேட்கிறது. எப்படி? 20 என்பது தட்டல் திரும்பத் திரும்ப வரும் வீதம். ஒவ்வொரு தட்டலும் ஒரு சிறு உலோக அதிர்வு. அந்த அதிர்வில் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் அதிர்வெண்கள் அடங்கியிருக்கின்றன. கைதட்டல் இதற்கு எளிய எடுத்துக்காட்டு. விநாடிக்கு இரண்டு முறை கைதட்டினால் கைதட்டலின் அதிர்வெண் 2 ஹெர்ட்ஸ் ஆகிவிடாது. நம் காது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மிக நுட்பமாக உணரும். உலோகத் தட்டல் அந்த எல்லைக்குள் வருவதால்தான் அளவில் சிறியதாக இருந்தும் காதில் துலக்கமாக விழுகிறது.

ஓடும்போது இந்த ஒலி எங்கே போகிறது? தட்டல் நிற்பதில்லை; இன்னும் வேகமாகிறது. ஆனால் காற்றின் இரைச்சல், டயரின் ஒலி, வெளியேற்றுக் குழாயின் ஒலி எல்லாம் சேர்ந்து அதை மூழ்கடித்துவிடுகின்றன. சுவரை ஒட்டி நிறுத்தினால் எதிரொலிப்பால் மீண்டும் கூடுதலாகக் கேட்கும். இரண்டு பக்கமும் சுவர் உள்ள வாகன நிறுத்தத்தில் "நேற்று இல்லாத சத்தம் இன்று வந்துவிட்டது" என்று தோன்றுவது இதனால்தான்.

இயல்பான வேறு சில ஒலிகள்

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் எஞ்சின் நிமிடத்திற்கு 1200 சுற்றுகளுக்கும் மேல் ஓடி, சற்று முரட்டுத்தனமாக ஒலிக்கும். பிறகு தானாகவே அடங்கும். புகையைத் தூய்மையாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடானால்தான் சரியாக வேலை செய்யும். அதை விரைவில் சூடாக்கவே எஞ்சினின் கணினி வேகத்தைக் கூட்டி, தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது. நம் பிள்ளைகள் மூச்சுவிடும் காற்றுக்காக எழும் ஒலி அது. உதகையின் குளிரில் இது சற்றுக் கூடுதல் நேரம் நீடிக்கும்.

சாவியைத் திருப்பியதும், சில கார்களில் கதவைத் திறந்ததுமே, பின் இருக்கைப் பக்கம் இரண்டு மூன்று விநாடி 'விர்ர்' என்று கேட்கும். பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் மின் பம்பு முன்கூட்டியே அழுத்தத்தைத் தயார் செய்கிறது.

எஞ்சின் ஓடும்போது தனியாக, மெதுவாக 'டிக்... டிக்' என்று ஓர் ஒலி விட்டுவிட்டு வரலாம். டேங்கில் உண்டாகும் பெட்ரோல் ஆவி வெளியே போகாமல் கரித்தூள் நிரம்பிய ஒரு பெட்டியில் சேர்கிறது. அதை எஞ்சினுக்கு அனுப்பித் திறந்து மூடும் பர்ஜ் வால்வின் ஒலி அது. இது எஞ்சினின் வேகத்தோடு சேர்ந்து கூடாது. இந்த ஒரு குறிப்பே அதை இன்ஜெக்டர் ஒலியிலிருந்து பிரித்துக் காட்டிவிடும்.

டர்போ உள்ள வண்டியில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மெல்லிய சீழ்க்கை ஒலி கேட்கலாம். ஏசி போட்டால் கம்ப்ரஸர் இணையும்போது ஒரு 'க்ளிக்' கேட்கும். வண்டியை நிறுத்திய பிறகும் சிறிது நேரம் மின்விசிறி சுற்றக்கூடும்.

எஞ்சினை அணைத்தபின் அடியிலிருந்து வரும் 'டிங்... டிங்' என்ற ஒலி, சூடான குழாய்களும் அவற்றின் மேலுள்ள தகடுகளும் சுருங்குவதால் வருவது. எஃகின் நீள்விரிவுக் குணகம் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.000012. ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுக் குழாய் 300 டிகிரி குளிர்ந்தால் 3.6 மில்லிமீட்டர் சுருங்கும். பிடிப்புகளில் மாட்டிக்கொண்டு சுருங்கும் உலோகம் அவ்வப்போது வழுக்கி விடுபடும்போது எழும் ஒலி அது.

நான்கு கேள்விகள்

எந்த ஒலியையும் "நல்லது", "கெட்டது" என்று சொல்லுமுன் நான்கு கேள்விகளைக் கேட்க மாணவர்களைப் பழக்கலாம்.

ஒன்று: எப்போது வருகிறது? குளிர்ந்திருக்கும்போதா, சூடானபின்பா, மேடேறும்போதா?

இரண்டு: எங்கிருந்து வருகிறது? மேலிருந்தா, அடியிலிருந்தா, பின்னாலிருந்தா?

மூன்று: அதன் தாளம் எஞ்சினின் வேகத்தோடு கூடிக் குறைகிறதா? வண்டியின் வேகத்தோடா? இரண்டோடும் இல்லையா?

நான்கு: முன்பு இப்படி இருந்ததா? புதிதாக வந்ததா? நாளுக்கு நாள் கூடுகிறதா?

நான்காம் கேள்விதான் பெரும்பாலும் தீர்ப்பைச் சொல்லும். வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒரே சீராக இருக்கும் மெல்லிய தட்டல் இயல்பானது. திடீரென வந்தது, மாறியது, கூடுவது, வேறு அறிகுறியோடு சேர்ந்து வருவது ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

குறிப்பாகச் சில ஒலிகளை யாரும் அலட்சியம் செய்யக்கூடாது. எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து வரும் கனத்த 'டொக் டொக்' ஒலி, சுமை ஏறும்போது கூடினால் தாங்கிகள் தேய்ந்திருக்கலாம். மேடேறும்போது வரும் கூர்மையான 'கிணிகிணி' ஒலி, பெட்ரோல் கலவை தவறான நேரத்தில் பற்றுவதைக் காட்டலாம். கையேட்டில் சொன்ன தரத்திலான பெட்ரோல்தான் போடப்படுகிறதா என்பதில் தொடங்கிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு காலையும் ஸ்டார்ட் செய்யும்போது சங்கிலி உரசுவது போன்ற கரகரப்பு கேட்டால் டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம். தட்டல் வழக்கத்தைவிடக் கூடினால், மெக்கானிக்கிடம் போகுமுன் டிப் ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பார்ப்பது நல்லது.

ஆயில் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால் பாதுகாப்பாக ஓரங்கட்டி உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். வேகத்தைக் குறைத்து, தாமதிக்காமல் காட்ட வேண்டும். பெட்ரோல் வாடை வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் ஆளை வரவழைக்க வேண்டும். அழுத்தம் 200 பார் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வோம். எஞ்சின் அணைந்த பிறகும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். அந்த இணைப்புகளைப் பயிற்சி பெறாதவர் தொடவே கூடாது.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. கண்ணை மூடிக் கேள் (தொடக்க வகுப்புகள்): குழந்தைகள் கண்களை மூடிக்கொள்ள, ஆசிரியர் சாவிக்கொத்து, எவர்சில்வர் டம்ளர், மரப்பலகை, காகிதம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒலிக்கச் செய்வார். என்ன பொருள், எந்தத் திசை, வேகமா மெதுவா என்று குழந்தைகள் சொல்ல வேண்டும். பிறகு தாளத்தில் ஓரிடத்தில் மட்டும் மாற்றம் செய்து, "எங்கே மாறியது?" என்று கேட்கலாம். மாற்றத்தைக் கவனிக்கும் காது இங்கிருந்தே பழகும்.

2. ஊசியில்லாச் சிரிஞ்சு (6 முதல் 8 வரை): 10 மில்லி லிட்டர் தண்ணீரை மெதுவாக 10 விநாடியிலும், பிறகு 2 விநாடியிலும் வெளியேற்றச் சொல்லுங்கள். கட்டைவிரல் உணரும் விசை வேறுபாட்டைப் பதிவு செய்யட்டும். நேரம் குறைந்தால் அழுத்தம் ஏன் கூட வேண்டும் என்பதைக் கையே சொல்லிவிடும்.

3. ஆணியும் செம்புக்கம்பியும் (8 முதல் 10 வரை): இரும்பு ஆணியில் காப்பிட்ட செம்புக்கம்பியைச் சுற்றி ஒரு மின்கலத்தோடு இணையுங்கள். மேலே மெல்லிய இரும்புத் தகட்டை ஒரு முனையில் பொருத்திவைத்து, மின்னோட்டத்தை விட்டுவிட்டுக் கொடுத்தால் 'டிக், டிக்' என்று ஒலிக்கும். இதுவே இன்ஜெக்டரின் எளிய மாதிரி. கம்பி சூடாகும் என்பதால் நீண்ட நேரம் இணைத்து வைக்கக்கூடாது.

4. மேசையில் காது: நீண்ட மேசையின் ஒரு முனையில் மெதுவாகத் தட்ட, மறுமுனையில் காதை வைத்தும் எடுத்தும் கேட்கச் சொல்லுங்கள். பட்டறையில் மெக்கானிக் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதருகே வைத்து எஞ்சினைச் சோதிப்பதன் அறிவியல் புரியும்.

5. அளந்து பார்: யாராவது ஓர் ஆசிரியரின் காரைத் திறந்தவெளியில் நிறுத்தி, கைபேசியில் ஒலியைப் பதிவு செய்யுங்கள். 1 மீட்டர், 2 மீட்டர், 4 மீட்டர் தொலைவிலும், கதவு மூடிய காருக்குள்ளும் தனித்தனியே பதிவு செய்து அட்டவணையிடலாம். ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைபாக்ஸ் என்ற இலவசச் செயலி இதற்கு உதவும். கைபேசி காட்டும் டெசிபெல் எண்ணைத் துல்லியமானதாகக் கொள்ளாமல், இரண்டு அளவீடுகளுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டும் ஒப்பிடச் சொல்லுங்கள். நேரடிச் செலுத்தும் கார் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. எந்தக் காரிலும் இதைச் செய்யலாம். ஆட்டோவையும் பைக்கையும் சேர்த்தால் ஒப்பீடு இன்னும் சுவையாகும்.

பாதுகாப்பு: ஐந்தாம் செயல்பாட்டின்போது ஹேண்ட் பிரேக் போட்டு, வண்டி நியூட்ரலில் இருக்க, ஓட்டுநர் இருக்கையில் பெரியவர் ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். மாணவர்கள் வண்டியின் பக்கவாட்டில் நிற்கட்டும். முன்னும் பின்னும் யாரும் நிற்கக்கூடாது. அருகில் சென்று பதிவு செய்வதை ஆசிரியரே செய்யட்டும். ஓடும் எஞ்சினின் பானெட்டைத் திறந்து மாணவர்களைக் குனிய விடவே கூடாது. மூடிய அறையிலோ ஷெட்டிலோ எஞ்சினை ஓட்டக்கூடாது. கார்பன் மோனாக்சைடு மணமில்லாத நச்சு.

மதிப்பீட்டு வினாக்கள்

1. மூன்று சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 900 சுற்றுகளில் ஓடுகிறது. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு இன்ஜெக்டரும் திறந்தால், விநாடிக்கு மொத்தம் எத்தனை திறப்புகள்? (விடை: 22.5)

2. 350 பார் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் தரும் விசை எவ்வளவு? (விடை: 3500 நியூட்டன்)

3. 2 மீட்டர் எஃகுக் குழாய் 250 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் எவ்வளவு சுருங்கும்? (விடை: 6 மில்லிமீட்டர்)

4. ஒரு 'டிக்' ஒலி எஞ்சின் வேகத்தைக் கூட்டியும் மாறவில்லை. அது இன்ஜெக்டரின் ஒலியாக இருக்குமா? காரணம் கூறு.

5. விநாடிக்கு 20 தட்டல்கள் வரும் ஒலியை 20 ஹெர்ட்ஸ் ஒலி என்று சொல்லலாமா? விளக்குக.

நான்காம், ஐந்தாம் வினாக்களுக்கு மாணவர்கள் தங்கள் சொற்களில் எழுதட்டும். ஒரு சொல் விடையைவிட, "ஏனென்றால்" என்று தொடங்கும் வாக்கியத்திற்கே மதிப்பெண் கொடுப்போம்.

நம் மாணவர்களில் பலர் நாளை ஐடிஐ-யிலும் பட்டறையிலும் வாகன ஆலையிலும் வேலை செய்யப்போகிறவர்கள். இன்னும் பலர் வண்டி ஓட்டிப் பிழைப்பார்கள். எல்லோருமே ஏதோ ஓர் இயந்திரத்தை வைத்துக்கொண்டு வாழ்வார்கள். ஓர் ஒலி கேட்டவுடன் பயப்படாமலும், அலட்சியப்படுத்தாமலும், "எப்போது, எங்கே, எந்தத் தாளத்தில், என்ன மாறியது?" என்று கேட்கும் பழக்கம் அவர்களுக்குப் பணத்தை மிச்சப்படுத்தும்; சில வேளை உயிரையும் காக்கும். வீட்டு மோட்டார் பம்பு, மிக்சி, மின்விசிறி என்று எதற்கும் இதே நான்கு கேள்விகள் பொருந்தும். அடுத்த முறை ஒலிப் பாடம் எடுக்கும்போது, இசைக்கவையோடு சேர்த்து, பள்ளி வாசலில் நிற்கும் ஒரு வண்டியின் ஒலியையும் பாடமாக்கிப் பாருங்கள்.